போனிலேயே பார்த்த நோயாளி

தெரியாமல் நடந்த தவறு என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் தெரிந்தே கோட்டை விட்டவன். மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். கழுத்தெலும்பு ஆபரேஷன் முடிந்தவருக்கு மூச்சுப்பாதை எப்போது, எப்படி வீங்கும் என்று ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தவன்.

கழுத்தின் முன்பக்கமாகப் போய், கெட்டுப்போன டிஸ்கை எடுத்துவிட்டு, எலும்புகளைப் பிளேட் வைத்து இணைக்கும் ஆபரேஷன் அது. முதுகெலும்பை எட்டுவதற்கு மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் இழுபட்ட சதை பிறகு வீங்குகிறது. ரத்தம் கட்டுவதானால் பெரும்பாலும் முதல் நாளுக்குள் கட்டும். பல சமயம் கழுத்து புடைப்பது கண்ணுக்கே தெரியும். சதை வீக்கம் ஆற அமர வரும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். தொண்டையின் பின்சுவர் வீங்குவதால் வெளியே தையல் அழகாகவே இருக்கும். மூன்று எலும்புகளுக்கு மேல் திறப்பது, 5 மணி நேரத்தைத் தாண்டுவது, 300 மில்லிக்கு மேல் ரத்தம் போவது, கழுத்தின் 2 முதல் 4 வரையிலான எலும்புகளில் கை வைப்பது, பருத்த உடம்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இதில் ரத்தப்போக்கைத் தவிர எல்லாமே நான் சொல்லவரும் நோயாளிக்குப் பொருந்தின.

அப்படியும் ஆபரேஷன் நடந்த அன்று மாலையே அவருடைய மூச்சு டியூப்பை எடுத்தேன். எடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. டியூப்பைச் சுற்றியுள்ள கஃப் என்ற பையின் காற்றை இறக்கிவிட்டால், டியூப்புக்கும் குரல்வளைக்கும் நடுவே மூச்சு கசிய வேண்டும். எவ்வளவு கசிகிறது என்று வென்டிலேட்டரில் அளக்கலாம். 110 மில்லிக்குக் குறைந்தால் உஷார் என்பது ஒரு கணக்கு. நான் அளக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன், ‘உஸ்’ என்றது, போதும் என்று விட்டேன். அந்த நேரத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்லும். மறுநாள் இரவுக்கு அது உத்தரவாதம் இல்லை. இன்றிரவு டியூப்போடு ஐசியூவில் இருக்கட்டும் என்று சர்ஜனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படுக்கைக்கு நெருக்கடி இருந்தது. டேபிளிலேயே டியூப்பை எடுத்து அனுப்புபவன் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் இரவு வார்டிலிருந்து சிஸ்டர் போன் செய்தார்.

“சார், படுக்க மாட்டேங்கிறாரு. குரல் ஒரு மாதிரி இருக்கு.”

“சேச்சுரேஷன்?”

“98 சார். ஆக்சிஜன்ல இருக்காரு.”

“கழுத்து வீங்கியிருக்கா? டிரெயின் பாட்டில்ல ரத்தம்?”

“இல்ல சார்.”

“டியூப் போட்ட தொண்டை, அப்படித்தான் இருக்கும். நெபுலைசர் குடுங்க.”

ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது 98-ஐ நம்பக் கூடாது. பாதையின் ஆரம் பாதியானால் காற்றுக்குத் தடை 16 மடங்கு கூடும். அப்போதும் மனிதன் உயிரைக் கொடுத்து இழுத்து, மீட்டரில் எண் இறங்காமல் பார்த்துக்கொள்வான். குரல் மாறுவது, விழுங்க முடியாமல் போவது, படுக்க மறுப்பது, இனம் தெரியாத பதற்றம் இவைதான் முதலில் வரும். மூச்சில் இரைச்சல் கேட்பதற்குள் காலம் கடந்திருக்கும். இதில் இரண்டை சிஸ்டர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். நானோ ‘இல்லை’ என்ற பதில் வரக்கூடிய கேள்விகளாகப் பார்த்துக் கேட்டேன். டியூப்பை எடுத்தது சரிதான் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது போனுக்குத்தான் போனேன். கட்டில் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தாடையை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்னி டிரே, அது நிறைய எச்சில். “காலையிலேர்ந்து எச்சிலைக்கூட முழுங்க முடியலை டாக்டர். நீங்கதானே புண்ணு, அப்படித்தான் இருக்கும்னீங்க” என்றார் மனைவி. ரவுண்ட்ஸின்போது கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி சொன்னவன் நான்தான்.

ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். தேவைப்பட்டால் கழுத்தைத் திறக்கக் கத்தியோடு சர்ஜன் பக்கத்தில் நின்றார். வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் தொண்டையின் பின்சுவர் முன்னால் பிதுங்கி, குரல்நாணின் ஓரம் மட்டும் தெரிந்தது. ஒருவழியாக 6-ஆம் எண் டியூப் இறங்கியது. இரண்டாம் கழுத்தெலும்புக்கு முன்னால் 7 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சதை, பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் விரல் தடிமனுக்கு இருந்தது. ஸ்டீராய்டு, உயர்த்திய தலைமாடு, வென்டிலேட்டர் என்று சில நாட்கள் போயின. வீக்கம் வடிந்தது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

அந்த அம்மாவிடம், “யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத வீக்கம்மா” என்றேன். கேஸ் ஷீட்டிலும் ‘திடீர் வீக்கம்’ என்றே எழுதினேன். சிஸ்டர் அதைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் இந்த ஆபரேஷன் முடிந்தவர் படுக்கவில்லை என்று போன் வந்தால், சேச்சுரேஷன் எண்ணைக் கேட்காமல் கிளம்பிப் போகிறேன். பேசச் சொல்லிக் குரலைக் கேட்கிறேன், எச்சிலை விழுங்கச் சொல்லிப் பார்க்கிறேன். தொழிலில் திருந்தினேன். சொன்ன பொய்யைத் திருத்தவில்லை. விலாசம் கேஸ் ஷீட்டிலேயே இருந்தது, போய்ச் சொல்லியிருக்கலாம். கேஸ் போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான், வேறு காரணம் கிடையாது.