உருபில்லா வேற்றுமை

தமிழ் கற்றபின் கணினி நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு நாளும் கைகொடுக்கும் நிரல்நூலகம் ஒன்றுண்டு. ஒரு கணினி, மற்றொன்றின் செயலியை எழுப்பாமலே அதன் நினைவகத்தில் தரவை வைக்கவும் எடுக்கவும் அது துணைசெய்கிறது. தேக்கா சந்தையில் பழகிய காய்கறிக்காரர், கடைக்காரரை அழைக்காமலே கூடையை உரிய இடத்தில் இறக்கிச் செல்வதைப் போன்றது இது.

தொடக்கத்தில் இந்நூலகம் இன்பினிபேண்ட் என்னும் தனிவகை இணைப்பை மட்டுமே அறிந்திருந்தது. சிங்கப்பூரின் ஏஸ்டார் அமைப்பினர் 2014இல் அவ்வகை இணைப்பைக் கடல்கடந்து அமெரிக்கா வரை நீட்டிக் காட்டினர். ஆயினும் சிராங்கூன் சாலை அலுவலகங்கள் தொட்டு எங்கும் பரவியிருப்பது ஈதர்நெட்டே. அதன்மீதும் இவ்வசதி இயங்குதற்குரிய நெறிமுறை 2010இல் வெளிவந்தது.

இன்பினிபேண்டில் ஒவ்வொரு வாயிலுக்கும் மேலாண்மை நிரல் ஒரு சிற்றெண் வழங்கும். ஈதர்நெட்டில் அவ்வெண் இல்லை. நீண்ட முகவரியே வேண்டும். ஆகவே, வாயில் எவ்வகையது என்று நிரல் கேட்டறிய வேண்டியதாயிற்று. விடைக்கெனத் தரவமைப்பை நீட்டினாலோ, முன்பே தொகுக்கப்பெற்று ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் நிலைகுலையும். (அவற்றை எழுதியவர்களைத் தேடிப்பிடிப்பது வேறு கதை!)

அவ்வமைப்பின் ஈற்றில் இரண்டு பைட்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றுள் ஒன்றில் விடையை வைத்தார்கள்: இன்பினிபேண்டுக்கு 1, ஈதர்நெட்டுக்கு 2. வகை கூற அறியாத பழைய இயக்கி 0 தரும். அதனை இன்பினிபேண்ட் என்றே கொள்ளுமாறு வகுத்தார்கள். என் தொழிலில் நான் கண்ட செட்டான ஏற்பாடுகளுள் இது ஒன்று. எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை என்று வகுப்பில் விளக்கும் ஆசிரியருக்கு இச்சுழியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அப்பழைய நிரல்களில் ஓரெழுத்தையும் திருத்தும் தேவை நேரவில்லை.