பதிந்து வைத்த கை

போஸ்டரில் என் பெயருக்குக் கீழே ‘லைவ்’ என்று போட்டிருந்த பல நிகழ்ச்சிகளில் நான் வாசிக்கவே இல்லை. ட்ரம் மெஷினை ஓடவிட்டு, வாசிப்பதுபோல் நடித்தேன். எலக்ட்ரானிக் இசையில் இதெல்லாம் சகஜம் என்று யாராவது தேற்றலாம். லேப்டாப் இல்லாமல் வெறும் மெஷினோடு மேடையேறுகிறேன் என்று பெருமை பேசியவன் நான். எனக்கு அந்தத் தேறுதல் பொருந்தாது.

1983-இல் ரோலண்ட் கொண்டுவந்த டிஆர்-909 ட்ரம் மெஷின், எந்த அடி எந்த ஸ்டெப்பில் விழ வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். கிக் எவ்வளவு நேரம் அதிர வேண்டும், ஸ்நேர் எவ்வளவு ஏறி ஒலிக்க வேண்டும் என்பது அதன் நினைவில் ஏறாது. நாப் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி. கிக்கின் அதிர்வு நீண்டால், அந்த நொடியில் ஒரு கை நாப்பைத் திருப்பியிருக்கிறது என்று நம்பலாம். டெட்ராய்ட்டின் டெக்னோ கலைஞர் ஜெஃப் மில்ஸ் 2015-இல் வெளியிட்ட ‘எக்ஸிபிஷனிஸ்ட் 2’ காணொளியில் 909-ஐ மட்டுமே வைத்துக்கொண்டு வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பேட்டர்னுக்குள்ளேயே ஹை-ஹேட்டை நுழைக்கிறார், கிளாப்பை உருவுகிறார். அதைப் பார்த்துத்தான் நான் மெஷின் வாங்கினேன்.

நான் வாங்கியது புதிய காலத்து மெஷின். அதில் நாப் அசைவையும் பதிந்து வைக்கலாம். வீட்டில் நிதானமாகத் திருப்பிப் பதிந்துவிட்டால், மேடையில் அது தானாகவே திறந்து மூடும். பேட்டர்ன்களைச் சங்கிலியாகக் கோத்துவிட்டால், ஒன்று முடிந்து அடுத்தது தானாக வரும். எல்லாவற்றையும் பதிந்தேன், எல்லாவற்றையும் கோத்தேன். மேடையில் நாப்பின்மேல் விரலை வைத்து, அதைத் திருப்பாமல் மணிக்கட்டை மட்டும் வளைப்பேன். நிஜமாகத் திருப்பினால் பதிந்தது கலைந்துவிடும். இந்த நடிப்பைக் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறேன்.

காரணம் பயம். தொடக்க நாட்களில், கூட்டம் ஆடிக்கொண்டிருக்கும்போது தவறான பொத்தானை அழுத்தினேன். கிக்கே இல்லாத பேட்டர்ன் அது. ஓடுகிற சுற்று முடிந்த பிறகுதான் மெஷின் அடுத்ததற்குத் தாவும். 125 பிபிஎம்மில் பதினாறு ஸ்டெப் ஓட ஏறக்குறைய 2 நொடி. அதற்குள் திருத்தியிருக்கலாம். கை உறைந்துபோனது, கூட்டம் நின்றுவிட்டது. அந்த அவமானம் மறுபடி வேண்டாம் என்றுதான் சங்கிலிக்குள் ஒளிந்தேன்.

அதுவரை ஏமாந்தவர்கள் கூட்டத்தில் இருந்தவர்கள். பிறகு சென்னையில் ஒரு சின்ன அரங்கில் கஞ்சிராக்காரர் ஒருவர் என்னோடு வாசித்தார், என்னைவிட மூத்தவர். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம், என் மெஷினுக்கு இரண்டு சுற்று. கணக்கு சுலபமாகவே பொருந்தியது. அவருக்கு வாசிப்பு சூடு பிடித்தது. இன்னும் ஓர் ஆவர்த்தனம் வேண்டுமென்று தலையை ஆட்டிக் கேட்டிருக்கிறார். நான் திருப்பாத நாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோர்வையை மூன்றாம் முறை வாசித்துச் சமத்தில் வந்து இறங்கினார். நான் கோத்திருந்த சங்கிலியில் சரியாக அந்த இடத்தில் கிக் காணாமல்போனது. அவருடைய அடி தனியாக விழுந்தது.

“தம்பி, இன்னொரு ஆவர்த்தனம் கேட்டேனே, பாக்கலையா?” என்றார் இறங்கியதும்.

“மெஷின் அப்படித்தாண்ணே, நடுவுல பிடிச்சு நிறுத்த முடியாது.”

பொய். ஒரே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் சங்கிலி அறுந்து, அந்தப் பேட்டர்னே அவர் கேட்கிறவரை சுற்றியிருக்கும். ட்ரம் மெஷினுக்குத் தெரிந்த வேலைகளிலேயே எளிய வேலை அதுதான். என் கோழைத்தனத்தை மெஷின் தலையில் கட்டினேன், அவரும் நம்பினார். மெஷினோடு வாசிப்பது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நிகழ்ச்சிகளில் கோர்வையைச் சுருக்கிக்கொண்டார். என் குற்றத்தில் எனக்கு மிகக் கனமாக இருப்பது இதுதான். கேட்கத் தெரிந்த ஒரு மனிதரை, கேட்காத ஒன்றுக்கு அடங்கிப்போக வைத்தேன்.

பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. “அப்ப அன்னிக்கு நான் யார்கூடப்பா வாசிச்சேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதும் சேர்ந்து வாசிக்கிறோம். சங்கிலி கிடையாது, பதிந்த நாப் அசைவும் கிடையாது. கிளாப்பும் ஹை-ஹேட்டும் இல்லாத பேட்டர்னில் தொடங்கி, இரண்டையும் அவர் காதுபடவே போடுகிறேன். தப்பு விழுகிறது, அதன்மேலேயே அவர் வாசிக்கிறார். கிக்கை மட்டும் இன்னும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறேன், அந்தப் பயம் விடவில்லை. அது அவருக்கும் தெரியும்.