ரீபூட் செய்தால் காணாமல் போகும் வயர்லெஸ்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. இரவெல்லாம் உட்கார்ந்து ஏதேதோ கட்டளைகளைத் தட்டி, ஒருவழியாக வயர்லெஸ் வேலை செய்ய ஆரம்பிக்கும். அக்கம்பக்கத்து நெட்வொர்க் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். நிம்மதியாக அணைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் திறந்தால் வயர்லெஸ் என்று ஒன்று இருந்த சுவடே இருக்காது! அன்றைக்குத்தான் அசைன்மென்ட் அனுப்பக் கடைசி நாளாகவும் இருக்கும்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், சரிசெய்யத் தேவையான டிரைவர் இருப்பது இணையத்தில். இணையம் வரவேண்டுமானால் டிரைவர் வேண்டும். கிணற்றில் விழுந்தவனிடம் 'மேலே வந்து கயிறு வாங்கிக்கொள்' என்று சொல்வது போல!

அப்படியானால் நேற்று வேலை செய்தது எப்படி?

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் 'மாட்யூல்' என்ற தனித்தனித் துண்டுகளாக இருக்கின்றன. 'மாட்ப்ரோப்' அல்லது 'இன்ஸ்மாட்' கட்டளை அந்தத் துண்டை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கர்னலோடு சேர்க்கிறது. சேர்ப்பது நினைவகத்தில் மட்டும்தான். கணினியை அணைத்தால் அதுவும் போய்விடும். ஆக, இரவில் நடந்தது ஒருமுறை ஏற்றிய வேலை. ஒவ்வொரு முறையும் யார் ஏற்றுவது என்பதற்கு ஏற்பாடு எதுவும் நடக்கவில்லை.

அந்த ஏற்பாடு லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. கணினி எழும்போது ஒவ்வொரு கருவியும் தன்னை இரண்டு எண்களால் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், மற்றொன்று கருவியின் எண். கர்னல் அதை 'யுடெவ்' என்ற நிரலுக்குத் தெரிவிக்கும். எந்த எண்ணுக்கு எந்த மாட்யூல் என்ற அட்டவணையைப் பார்த்துச் சரியான மாட்யூல் தானாகவே ஏற்றப்படும். ரீபூட்டுக்குப் பிறகு வயர்லெஸ் வரவில்லை என்றால், இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள். வழக்கமாக அறுகிற இடங்கள் நான்கு.

1. மாட்யூல் முறையாக நிறுவப்படவில்லை. டவுன்லோடு ஃபோல்டரில் கம்பைல் செய்து, அங்கிருந்தே 'இன்ஸ்மாட்' மூலம் ஏற்றியிருப்பார்கள். அட்டவணையில் அதன் பெயரே இருக்காது. கர்னலின் மாட்யூல் ஃபோல்டரில் நிறுவி 'டெப்மாட்' ஓட்டினால்தான் பெயர் ஏறும்.

2. ஒரே கருவிக்கு இரண்டு டிரைவர்கள். பிராட்காம் பிசிஎம்4312 சிப் இதற்குப் பேர்போனது. அதற்கு 'பி43' என்ற திறந்த டிரைவரும் உண்டு, 'டபிள்யூஎல்' என்ற நிறுவனத்தின் டிரைவரும் உண்டு. இரண்டும் இருந்தால் முந்திக்கொண்டது கருவியைப் பிடித்துக்கொள்ளும். இன்று வருகிறது, நாளை வரவில்லை என்ற கண்ணாமூச்சிக்குப் பல நேரம் இதுவே காரணம். வேண்டாததை 'பிளாக்லிஸ்ட்' செய்ய வேண்டும். உபுண்டு, டெபியனில் அதோடு 'இனிட்ராம்எஃப்எஸ்' எனப்படும் தொடக்கக் கோப்பையும் புதுப்பிப்பது நல்லது. இல்லையென்றால் அதனுள் இருக்கும் பழைய அமைப்பே தொடரலாம்.

3. ஃபர்ம்வேர் இல்லை. டிரைவர் ஏறியிருக்கும், ஆனால் சிப்புக்குள் ஏற்றவேண்டிய சிறு நிரல் கிடைக்காமல் நின்றுபோயிருக்கும். கர்னலின் பதிவேட்டைக் காட்டும் 'டிமெஸ்ஜ்' கட்டளை இதை வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

4. கர்னல் மாறிவிட்டது. தனியாகக் கம்பைல் செய்த மாட்யூல் அந்தக் கர்னல் பதிப்புக்கு மட்டுமே பொருந்தும். அப்டேட் வந்து, ரீபூட் செய்து, புதிய கர்னல் எழுந்தால் பழைய மாட்யூல் அங்கே இருக்காது. 'டிகேஎம்எஸ்' வழியாக நிறுவினால் ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் தானாகவே மறுபடி கம்பைல் ஆகும். கர்னல் ஹெடர் கோப்புகளும் கூடவே இருக்க வேண்டும். 'செக்யூர் பூட்' இயங்கும் கணினிகளில் கையொப்பமில்லாத மாட்யூலை ஏற்க மறுப்பதும் உண்டு. அங்கே மாட்யூலுக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைக் கணினியில் பதிந்துவைக்க வேண்டும்.

பலர் இதையெல்லாம் பார்க்காமல், கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டில் 'மாட்ப்ரோப்' வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். சில நேரம் வேலையும் செய்யும். ஆனால் நோய் அப்படியே இருக்கும், அடுத்த கர்னல் அப்டேட்டில் தலைகாட்டும். ரீபூட் ஆனதும் எந்தக் கட்டளையும் கொடுத்துச் சரிசெய்ய முயலாமல், முதலில் நிலைமையைப் பார்ப்பதே நல்லது. கருவி கண்ணுக்குத் தெரிகிறதா? எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது? பதிவேடு என்ன சொல்கிறது? 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு 'கே' சேர்த்தால் முதல் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். யுஎஸ்பி அடாப்டர் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. அவசரப்பட்டு மாட்யூலைக் கையால் ஏற்றிவிட்டால் தடயம் கலைந்துபோகும்.

சரி, கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வராத இந்தத் தொல்லை வயர்லெஸுக்கு மட்டும் ஏன்? பல நிறுவனங்கள் தங்கள் சிப் எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தை வெளியிடவில்லை. பிராட்காம் சிப்புகளுக்கு ஒரு குழு, இருந்த டிரைவரை ஆராய்ந்து விவரக்குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துப் புதிய டிரைவர் எழுதியது. 2006-ல் அது லினக்ஸ் 2.6.17-ல் சேர்ந்தது. அதன் வழிவந்த 'பி43', 2008 ஜனவரியில் வெளியான 2.6.24-ல் வந்தது. அந்த நிறுவனமே தன் புதிய சிப்புகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது 2010-ல்தான். ஃபர்ம்வேரை வினியோகிக்க உரிமம் இடம்கொடுக்காததால், பயனரே நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டியெடுக்கும் நிலையும் இருந்தது! 2023-ல் வந்த டெபியன் 12, இலவசமல்லாத ஃபர்ம்வேரையும் தன் நிறுவல் வட்டிலேயே சேர்த்த பிறகு கிணற்றுக் கயிறு ஓரளவு கைக்கெட்டியது.

கர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள அடாப்டர்களில் இந்தத் தலைவலி வெகு குறைவு. மலிவான சில யுஎஸ்பி அடாப்டர்களில்தான் வெளியிலிருந்து டிரைவர் தேட வேண்டியிருக்கிறது. வாங்கும் முன் பெட்டியின் மேல் உள்ள பெயரை விட, உள்ளே இருக்கும் சிப் எது என்று விசாரிப்பது பணத்தையும் தூக்கத்தையும் மிச்சப்படுத்தும். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அதன் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கான டிரைவர் பெரும்பாலான லினக்ஸ்களில் முன்பே இருக்கும்.

எல்லாம் செய்து முடித்ததும் ஒருமுறை ரீபூட், ஒருமுறை முழுதாக அணைத்துத் திறப்பது, அடுத்த கர்னல் அப்டேட்டுக்குப் பின் இன்னொருமுறை என மூன்று முறை பார்த்துவிட வேண்டும். மூன்றிலும் யாரும் தொடாமல் வயர்லெஸ் தானாக வந்தால், அதன் பிறகு அசைன்மென்ட் தேதிக்குப் பயப்படத் தேவையில்லை. அசைன்மென்ட்டை எழுதுவது மட்டும்தான் பாக்கி!