ஏரிக்கரைக்கு வரும்போது எடுத்து வர வேண்டிய பை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. சேலையூர்ல இருக்கிற என் அக்கா மகன் அவனோட ஆபீஸ் சிநேகிதங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வந்தான். தாம்பரத்துலேர்ந்து முடிச்சூர் வழியா வந்தா மணிமங்கலம் பக்கம் முக்கால் மணி நேரந்தான். அடுத்த மாசம் ஜவ்வாது மலைக்கு நடக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி ஏரிக்கரை, கழனின்னு ஒரு நாள் நடந்து பழகணுமாம். நாங்க தினமும் செய்யறதுக்குப் பேரு இவங்களுக்குப் பழக்கம்!

வந்ததும் கயித்துக் கட்டில்ல ஒரு சிவப்புப் பையைப் பிரிச்சுக் காட்டினான். ஆன்லைன்ல வாங்கின முதலுதவிப் பை. பிளாஸ்திரி மட்டும் முப்பது இருந்தது. பஞ்சு, கத்தரிக்கோல், ஈரத்துணிப் பாக்கெட்டு, ஒரு விசில். அப்புறம் ரெண்டு சாமான் எடுத்தான். ஒண்ணு இறுக்கிக் கட்டற ரப்பர் பட்டை. இன்னொண்ணு ஊசி மருந்துக் குழாய் மாதிரி மஞ்சள் கலர் பம்பு. "மாமா, பாம்பு கடிச்சா இதை வெச்சு விஷத்தை உறிஞ்சிடலாம்"னான்.

அந்த ரெண்டையும் எடுத்துத் திண்ணையில தனியா வெச்சேன். "இது ரெண்டும் வேணாம்டா"ன்னேன். "ஏன் மாமா?"

அதுக்குப் பதில் சொல்லணும்னா 1996 தை மாசத்துக்குப் போகணும். வீட்டுல யாருகிட்டயும் இதை முழுசா சொன்னதில்ல.

அறுவடை நேரம். நானும் என் தம்பியும் கட்டு தூக்கிக்கிட்டிருந்தோம். வரப்போரம் இருந்த கட்டைத் தம்பி தூக்கினப்ப அடியில படுத்திருந்த கண்ணாடி விரியன் கணுக்கால்ல போட்டுச்சு. பாம்பை நானும் பார்த்தேன், குக்கர் விசில் மாதிரி சீறிச்சு. நான் உடனே நெல்லுக் கட்டு கட்டற கயித்தை எடுத்து முழங்காலுக்குக் கீழ பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கினேன். சினிமாவுல பார்த்தது அதானே. பிளேடால கீறியும் விட்டேன். அப்புறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா கூடப் பரவாயில்ல. பக்கத்து ஊர்ல மந்திரிக்கிறவர் கிட்ட கூட்டிப் போனேன். வேர் அரைச்சுக் குடுத்தாரு. ரெண்டு மணி நேரம் அங்கயே போச்சு. கீறின இடத்துல ரத்தம் நிக்காம வடிஞ்சுக்கிட்டே இருந்தது. அப்பத்தான் பயந்து, டிவிஎஸ் 50-ல நடுவுல உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம்.

டாக்டர் கயித்தை அவிழ்க்கும்போது பாதம் கறுத்துப் போயிருந்தது. உயிர் தப்பிச்சது. ஆனா ரெண்டு விரல் போச்சு, கெண்டைச் சதை கொஞ்சம் வெட்டி எடுத்தாங்க. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு: "பாதி விஷம் பண்ணினது, பாதி நீங்க கட்டின கட்டு." இருபத்தெட்டு வயசு தம்பிக்கு அன்னைக்கு. ஊர்ல யாரு கேட்டாலும் "பாம்பு கடிச்ச காலு"ன்னுதான் சொல்லுவேன். கயிறு கட்டின கைய சொன்னதில்ல.

அதுக்கப்புறம் இந்த விஷயத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிளேடால கீறினா ரத்தம் ஏன் நிக்கலன்னு அப்பத்தான் புரிஞ்சது. பம்பு வெச்சு உறிஞ்சினா ரத்தமும் நீரும் வருமே ஒழிய விஷம் வராது, அது உள்ள போயிடுது. கட்டி இறுக்கினா விஷம் ஒரே இடத்துல தேங்கி அந்தச் சதையைத் தின்னுடும், ரத்த ஓட்டமும் நின்னு போகும்.

இதுக்கு மருந்து ஒண்ணே ஒண்ணுதான், விஷமுறிவு ஊசி. அதுக்கு விஷம் எடுத்துக் குடுக்கறவங்க நம்ம பக்கத்துக்காரங்கதான். எங்க கழனியில எலி பிடிக்க வருவாங்களே, அந்த இருளர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கப்புறம் பாம்புத் தோல் வியாபாரம் நின்னு அவங்க பிழைப்பு போச்சு. 1978-ல வடநெம்மேலியில கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாங்க. மகாபலிபுரம் போற கிழக்குக் கடற்கரைச் சாலையில, முதலைப் பண்ணைக்கிட்ட. பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விட்டுடுவாங்க. அந்த விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துலேர்ந்து மருந்து எடுக்கறாங்க. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ குடுத்தப்ப நான் டிவி முன்னாடி எழுந்தே நின்னேன்.

அக்கா மகன் கூட வந்த பொண்ணு, "அந்த ஊசியை வாங்கிப் பையில வெச்சுக்கலாமா அங்கிள்?"னு கேட்டுச்சு. நல்ல கேள்வி. முடியாது தாயி. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்காம மூச்சு முட்டும், டாக்டர் பக்கத்துல இருந்துதான் ஏத்தணும். ஒண்ணு ரெண்டு குப்பியும் போதாது, பத்துக் குப்பி போல ஏத்துவாங்க. அதனால உங்க பையில இருக்க வேண்டியது 108 கூப்பிட சார்ஜ் இருக்கிற போனு. எந்த ஆஸ்பத்திரியில மருந்து இருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே விசாரிச்சு எழுதி வெச்ச சீட்டு.

பையைத் திரும்ப அடுக்கினோம். அகலமான கிரேப் பேண்டேஜ் ரெண்டு. கால், கையை ஆடாம வெச்சுக் கட்ட மூங்கில் பட்டை. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாம் உடனே கழட்டிடணும், வீங்கின பிறகு கழட்ட முடியாது. வேலிக்காத்தான் முள்ளு எடுக்க சாமணம். உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டு நாலு. வெயில்ல பாம்பை விட முதல்ல ஆளைச் சாய்க்கறது தண்ணி இல்லாததுதான். பாராசிட்டமால் போதும். பாம்பு கடிச்சவங்களுக்கு ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி வலி மாத்திரை ஆகாது, ரத்தம் இன்னும் வடியும். நாய்க்கடிக்கு ஒரு சோப்புக்கட்டி, ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஊசிக்குப் போகணும். அப்புறம் டார்ச். இதைத்தான் அவன் விட்டுட்டான்! கட்டு விரியன் ராத்திரியில வரும். அது கடிச்சா பெருசா வலிக்காது, எறும்புன்னு நினைச்சுத் தூங்கிடுவாங்க. விடிகாலையில கண்ணிமை தொங்கும், மூச்சு இழுக்கும். மலையில தரையில படுக்காதீங்க, படுத்தா கொசுவலையை ஓரம் சொருகிக்கிட்டுப் படுங்க.

பை இருக்குன்னு தைரியமா காட்டுக்குள்ள போயிடவும் கூடாது. 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத் தீயில போனவங்கள்ல எத்தனை பேர் சென்னைப் பிள்ளைங்க. வனத்துறைகிட்ட சொல்லிட்டுப் போங்கன்னு அக்கா மகன் கிட்ட மூணு தடவை சொன்னேன்.

இதெல்லாம் பேசும்போது தம்பி மாட்டுக் கொட்டாய் வாசல்ல உக்காந்து வைக்கோல் பிரிச்சுக்கிட்டிருந்தான். கயிறு கதையைச் சொல்லும்போது அவனைப் பார்க்காமத்தான் சொன்னேன். பிள்ளைங்க யாரும் பேசல. தம்பி எழுந்து விந்தி விந்தி வந்து கட்டில்ல உக்காந்தான். நல்ல காலை நீட்டினான்.

"பட்டை வெச்சு இதுல கட்டிப் பழகுங்கடா. அந்தக் காலுல அண்ணன் ஏற்கெனவே பழகிட்டாரு."

எல்லாரும் சிரிச்சாங்க. நான் மோர் எடுத்து வரேன்னு உள்ள போய் அடுப்படியில கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். வந்தப்ப அந்தப் பொண்ணு கட்டி முடிச்சிருந்துச்சு. தம்பி கட்டுக்குள்ள விரலை விட்டுப் பார்த்தான். "ஒரு விரல் போவுது. இப்பிடித்தான் இருக்கணும், இறுக்கக் கூடாது"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னான்.

ஜவ்வாது மலை போய்ட்டு அக்கா மகன் போன வாரம் போன் பண்ணினான். பாம்பு, தேள் எதுவும் இல்லையாம். புது ஷூ கடிச்சுதான் நாலு பேருக்கும் புண்ணு. பிளாஸ்திரி முப்பதும் காலி.

மஞ்சள் பம்பு இங்கதான் பரண்ல கிடக்கு.