கைமணத்துக்கு 60 வெள்ளி

சொந்தப் பெயரில் வியாபாரத்தைப் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி. வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. அம்மா ஏன் இரட்டிப்புக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு உடனே புரியவில்லை.

பாயா ரும்புட்டில், எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா பலகாரம் சுட்டு விற்கத் தொடங்கியது 2003இல். அப்பா லோரியிலிருந்து விழுந்து ஆறு மாதம் படுத்திருந்த வருடம் அது. முறுக்கு, அச்சுமுறுக்கு, நெய்யுருண்டை. முதலில் பக்கத்து வீடுகள், அப்புறம் செங், குருபோங் வரை போத்தல் போத்தலாகப் போனது. என் படிப்புச் செலவில் பாதி அந்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்ததுதான். ஆனால் அதற்குச் சாட்சி, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அம்மா எழுதிய கணக்கு மட்டுமே.

“பதிஞ்சிடலாம்மா” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

“நான் என்ன கம்பெனியா வச்சிருக்கேன்? நாலு வீட்டுக்குச் சுட்டுக் கொடுக்குறேன். இதுக்கெல்லாம் பாரமா?”

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1956இல், நாடு சுதந்திரம் அடைவதற்கு ஒரு வருடம் முன்பு வந்தது வணிகப் பதிவுச் சட்டம். தீபகற்பத்தில் லாபம் கருதி யார் வியாபாரம் செய்தாலும், தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதியாவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2002 முதல் இந்த வேலை எஸ்எஸ்எம் என்று நாம் சொல்லும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்திடம் இருக்கிறது. பெரிய கடையோ சின்னக் கடையோ, பாரம் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். கிளை ஒன்றுக்கு 5 வெள்ளி. வியாபார விவரத் தாள் 10 வெள்ளி. 30 நாளில் செய்ய வேண்டியதை அம்மா 17 வருடம் தள்ளிப்போட்டிருந்தார்.

மார்ச் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஏப்ரலில் அரசு சிறு வியாபாரிகளுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தது. இரண்டு வீடு தள்ளியிருக்கும் தையல்கார அக்காவுக்குக் கிடைத்தது. அம்மாவும் ஆசையாகக் கேட்டார். நான் விதிமுறையைப் படித்துப் பார்த்தேன். ஏதாவது ஓர் அரசு ஏட்டில் வியாபாரம் இருந்தாக வேண்டும். அம்மாவின் வியாபாரம் எந்த ஏட்டிலும் இல்லை.

“அப்ப நான் 17 வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. என்னிடம் பதில் இல்லை.

மறு வருடம் அவரே கிளம்பினார். வழியில் நான் சிக்கனக் கணக்குச் சொன்னேன். “உங்க பேர்லயே போட்டுடலாம்மா, 30 வெள்ளிதான்.” சொந்தப் பெயர் என்றால் ஐசியில் உள்ளபடி இருக்க வேண்டும். அம்மா பையிலிருந்து ஐசியை எடுத்துப் பார்த்தார்.

அதில் இருப்பது அம்மாவின் பெயர் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பை எழுதியவர் காதில் விழுந்ததை எழுதிவிட்டார். நடுவில் ஓர் எழுத்து இல்லை, கடைசியில் வேறோர் எழுத்து. பள்ளியில், ஆஸ்பத்திரியில், பேங்கில் அம்மாவைத் தப்பாகத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவும் எழுந்து போவார். பாரத்தின் மேல் அவருக்கிருந்த பயம் அங்கேதான் தொடங்கியது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு தடவை எழுதினால் அது அப்படியே நிலைத்துவிடும்.

“இந்தப் பேர் நான் வச்சதில்ல. இதுக்கு நான் நானா வைக்கிறேன்” என்றார்.

‘கைமணம்’ என்று சொன்னார். பதிவேட்டில் அது ரூமி எழுத்தில்தான் ஏறும். வேறு மொழிப் பெயர் என்றால் பாரத்தில் அர்த்தமும் கேட்பார்கள். முகப்பிடத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் பேனாவை நீட்டியபடி, “என்ன அர்த்தம், மாச்சிக்?” என்று மலாயில் கேட்டார். நான் வாசனை, கை என்று தடுமாறினேன். அம்மா குறுக்கிட்டு, “ஆயர் தாஙான்” என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். ‘கைத்தண்ணீர்’ என்று நேரடிப் பொருள். ஒருவர் தன் கையால் சமைத்ததற்கு மட்டும் உள்ள ருசியை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அகராதியில் தேடினாலும் இவ்வளவு சரியான சொல் எனக்குக் கிடைத்திருக்காது. அம்மா 17 வருடம் மலாய் வீடுகளுக்கும் பலகாரம் விற்றவர்.

பதிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. நகராண்மைக் கழகத்தின் உரிமம் தனி. தனிநபர் வியாபாரத்தில் கடன் வந்தால் அது அம்மாவின் கடன்தான். சட்டத்தின் கண்ணில் அவரும் ‘கைமண’மும் வேறு வேறு ஆள் இல்லை. இதை விளக்கியபோது, “அது எனக்குத் தெரிஞ்சதுதானே” என்றார்.

இழந்த 3,000 வெள்ளி திரும்பி வரப்போவதில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒரே பாரத்தைக் கொடுக்கிறது. ஆனால் அந்தப் பாரம் வரை எல்லோராலும் ஒரே வேகத்தில் நடந்து வர முடிவதில்லை. இதை அம்மா பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

கடைசியாக, எத்தனை வருடத்துக்கு என்று கேட்டார்கள். ஒன்று முதல் ஐந்து வரை கட்டலாம். அம்மாவுக்கு அப்போது 61 வயது, முட்டிவலி. ஒரு வருடம் போதும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் கைப்பையைத் திறந்துவிட்டார். சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி, 300 வெள்ளியை எண்ணி வைத்தார்.

“அஞ்சு வருஷம் போடு.”