கல் வட்டத்துக்குள் ஓர் ஊர்

தெற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஏவ்பரி கிராமத்தில், ஊரின் ஒரு பகுதியே பழங்காலக் கல் வட்டம் ஒன்றுக்குள் இருக்கிறது. ஊடே நெடுஞ்சாலையும் போகிறது. 330 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள இந்த வட்டம் பிரிட்டனிலேயே பெரியது. வெளிப்புற அகழியை 4,000 ஆண்டுகளுக்கும் முன்பு மான்கொம்புகளால் கொத்தியே ஏறக்குறைய 9 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள்.

வெளிவட்டத்தில் மட்டும் நூறு கற்கள் அளவில் நின்றன. இன்று எஞ்சியவை கொஞ்சம்தான். மற்றவை என்னவாயின?

முதலில் புதைத்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் ஊரார் பல கற்களைச் சாய்த்துக் குழிக்குள் தள்ளினர். 1938-இல் அப்படியொரு கல்லைத் தூக்கியபோது அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே கத்தரிக்கோல், மெல்லிய இரும்புக் கருவி, 1320-களின் வெள்ளிக் காசுகள். மருத்துவமும் பார்த்த நாவிதராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

பிறகு உடைத்தார்கள். கல்லுக்கடியில் குழி வெட்டி, வைக்கோல் போட்டுத் தீ மூட்டுவார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் பிளக்க வேண்டிய கோட்டின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். 1720 வாக்கில் தொல்பொருள் ஆர்வலர் வில்லியம் ஸ்டூக்லி இதை நேரில் கண்டு, மனம் பதறிக் குறித்துவைத்தார். எத்தனையோ கற்களின் இடத்தை நாம் அறிவது அவர் வரைந்த படங்களால்தான். ஆனால் உழவருக்கு நிலம் வேண்டியிருந்தது. வீடு கட்டக் கல்லும் வேண்டியிருந்தது. அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

1930-களில் கதை தலைகீழானது. ஆரஞ்சு மார்மலேடு வணிகக் குடும்பத்து வாரிசான அலெக்சாண்டர் கீலர் ஊரின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கினார். புதைந்த கற்களை எடுத்து நிறுத்தினார். காணாமல் போனவற்றின் இடத்தில் போலிக் கல் வைக்காமல் கான்கிரீட் குறிகளை நட்டார். போற்ற வேண்டிய நேர்மை அது. ஆனால் வட்டத்துக்குள் இருந்த வீடுகள் பல இடிக்கப்பட்டன; குடும்பங்கள் அருகிலுள்ள ஏவ்பரி ட்ரஸ்லோவுக்குப் பெயர்ந்தன. கல் மீண்ட கதையை எழுதுகிறவர்கள் இந்த இடப்பெயர்வை ஒரே வரியில் கடந்துவிடுவது நியாயமில்லை.

1943-இல் மரபிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இந்த இடத்தை வாங்கியது. 1986-இல் ஸ்டோன்ஹெஞ்சுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2003-இல் நிலத்தடி அளவாய்வு நடந்தபோது, மண்ணுக்குள் இன்னும் 15 கற்களாவது கிடப்பது தெரிந்தது. இந்த முறை அவற்றை நிமிர்த்தக் கீலரைப் போல யாரும் கிளம்பவில்லை.