திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி



கணினி பற்றி எழுத நான் படித்த பெண் அல்ல. இடம்பெயர்வுகளுக்கு இடையில் சாதாரண தரத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து மனிக் பாம் முகாமுக்கு வந்தபோது என்னிடம் அடையாள அட்டைகூட இருக்கவில்லை. மீள்குடியேறிய பிறகு பெண்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றில் தட்டச்சும் கணக்கும் பழகினேன். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

பின்னர் கொழும்பில் உள்ள கணக்காளர் அலுவலகம் ஒன்றில் தரவு பதியும் வேலை கிடைத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் என்னைக் கிளிநொச்சியில் வீட்டில் இருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் தந்த வழி ரிமோட் டெஸ்க்டொப். வீட்டுக் கணினியின் திரையில் கொழும்புக் கணினியின் திரை அப்படியே வந்து நிற்கும். நான் இங்கே தட்டுவது அங்கே பதிவாகும். உள்ளே போகுமுன் அது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சரியாகச் சொன்னால் கதவு திறக்கும்.

அந்த வருடம் யூன் 29 ஆம் திகதி, திங்கட்கிழமை காலை அந்தக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் மாதக் கடைசி. துப்புரவு வேலை செய்கிற 140 பேரின் சம்பளக் கணக்கை அன்று மாலைக்குள் நான் முடிக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் சம்பளம் இரண்டு நாள் பிந்தினால் ஒரு வீட்டின் அடுப்பு என்னவாகும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஏதோ ஒரு செய்தி வந்தது. வாசிக்காமல் மூடினேன். கடவுச்சொல்லைத் தட்டினேன். "உங்கள் சான்றுகள் சரிவரவில்லை" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே சிவப்பு. கப்ஸ் லொக் விழுந்திருக்கிறதா, விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். தமிழில் விழுந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. அதுவும் சரியாகவே இருந்தது. ஐந்தாவது தரம் பிழைத்ததும் கணக்குப் பூட்டப்பட்டது என்று வந்தது.

கை நடுங்கத் தொடங்கியது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எங்கே போகிறாய், ஏன் போகிறாய். சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். முகாமிலும் அப்படித்தான். உண்மையைச் சொல்லிக்கொண்டு நின்றபோதே நான் ஏதோ பொய் சொல்வதுபோல உணர்ந்த காலம் அது. இந்த இயந்திரமும் என்னிடம் "நீ நீதானா?" என்று கேட்பதுபோல இருந்தது. பிழை என்னில்தான், வேலை போகப்போகிறது என்று நினைத்து அரை மணித்தியாலம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

பிறகு துணிந்து அலுவலகத்தில் கணினிப் பகுதியைப் பார்க்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"பதறாதையுங்கோ அக்கா. முதல் தரம் என்ன செய்தி வந்தது?"

"சரிவரவில்லை எண்டுதான் தம்பி."

"அதுக்கு முதல் ஒண்டும் வரேல்லையோ?"

அப்போதுதான் நான் வாசிக்காமல் மூடியது நினைவுக்கு வந்தது. காலாவதி என்ற சொல்லை அதில் கண்டமாதிரி இருந்தது. சொன்னேன்.

"கடவுச்சொல் மாத்தினனீங்களோ?"

"வெள்ளிக்கிழமையே மாத்திப்போட்டன். மூண்டு நாளிலை முடியப்போகுது எண்டு அறிவித்தல் வந்தது."

"எப்பிடி மாத்தினீங்கள்?"

"கொன்ட்ரோல், அல்ட், டிலீட் மூண்டையும் அமத்தி."

அவர் சிரித்தார். "அக்கா, நீங்கள் மாத்தினது வீட்டுக் கணினியின்ரை கடவுச்சொல்லை. கொழும்புக் கணினியின்ரை சொல் மாறவேயில்லை. பழசு இண்டைக்குக் காலாவதியாப் போச்சுது."

அந்த மூன்று விசைகளை எங்கிருந்து அமத்தினாலும் அவை நம் முன்னால் இருக்கிற கணினிக்குத்தான் போகும். தூரத்துக் கணினிக்குப் போகவேண்டுமானால் டிலீட்டுக்குப் பதிலாக எண்ட் விசையை அமத்த வேண்டும். இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு கணினியிலும் என் பெயரும் ஒன்று; நினைவில் நிற்பதற்காக நான் வைத்த கடவுச்சொல்லும் ஒன்று. அதனால்தான் பழைய சொல்லைக் கேட்டபோது வீட்டுக் கணினி மறுக்காமல் ஏற்றுக்கொண்டது. அன்று காலை வீட்டுக் கணினி புதிய சொல்லுக்குத்தான் திறந்தது என்பதையும் அப்போது நினைத்துப் பார்த்தேன். விடை அதிலேயே இருந்திருக்கிறது.

முதல் செய்தி வந்த காரணமும் விளங்கியது. என் கணினி பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே அதை முதலில் அனுப்பியிருக்கிறது. கொழும்பு அதைக் காலாவதி என்றது. பிறகு நான் தட்டிய புதிய சொல்லை அந்தக் கணினி அறியவே அறியாது.

தம்பி பூட்டைத் திறந்து, தற்காலிகச் சொல் ஒன்றைத் தந்தார். உள்ளே போய், கொன்ட்ரோல், அல்ட், எண்ட் அமத்தி, எனக்கென்று புதிய சொல் வைத்தேன். "அதை எனக்கும் சொல்லாதையுங்கோ அக்கா" என்றார். பின்னர் கிரெடென்ஷியல் மனேஜர் என்ற பகுதியில், விண்டோஸ் பிரிவின் கீழே, டேர்ம்சேர்வ் என்று தொடங்கும் வரியில் இருந்த பழைய பதிவையும் அழிக்கச் செய்தார். இரவு பத்து மணிக்குச் சம்பளக் கணக்கை முடித்து அனுப்பினேன். மறுநாள் காசு போய்ச் சேர்ந்தது.

இப்படி வேலை செய்யும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள் சொல்ல விரும்புகிறேன். முதலில் வரும் செய்தியை வாசியுங்கள். ஆங்கிலம் விளங்காவிட்டால் ஒரு தாளில் பார்த்து எழுதிவையுங்கள். காலாவதி, பூட்டப்பட்டது, சரிவரவில்லை ஆகிய மூன்றும் மூன்று வேறு நோய்கள், மருந்தும் வேறு. பயனர் பெயர்ப் பெட்டியில் வீட்டுக் கணினியின் பெயர் தானாக வந்து நின்றால், வேறு கணக்கு என்பதைத் தெரிவுசெய்து அலுவலகம் தந்த முழுப் பெயரையும் எழுதுங்கள். வீட்டுக் கணினியைத் திறக்கிற நாலு இலக்கம் தூரத்துக் கணினிக்குச் சரிவராது; அதற்குக் கடவுச்சொல்லே வேண்டும். இரண்டு தரம் பிழைத்தால் கையை எடுத்துவிடுங்கள். மூன்றாவது தரம் தட்டுவதைவிடத் தொலைபேசியை எடுப்பது நல்லது. இரண்டு இடத்துக்கு ஒரே கடவுச்சொல் வையாதீர்கள். அலுவலகத்தார் என்று சொல்லி யார் கேட்டாலும் அதைச் சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று. அன்று நான் இழந்த அரை மணித்தியாலம் கணினியால் வந்ததல்ல. கேள்வி கேட்கப்பட்டாலே குற்றவாளிபோல ஒடுங்குகிற பழக்கத்தால் வந்தது. அந்தப் பழக்கத்தை நாம் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மெல்ல மெல்ல விடத்தான் வேண்டும். சாவடியில் நின்றவர் என்னைச் சந்தேகித்தார். இந்த இயந்திரம் ஒருவரையும் சந்தேகிப்பதில்லை. தன்னிடம் உள்ள சொல்லும் நாம் தந்த சொல்லும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது.

இப்போதும் அந்தப் பெட்டி தினமும் காலையில் என் பெயரைக் கேட்கிறது. நிதானமாக எழுதிவிட்டு உள்ளே போகிறேன்.